பேட்டரி விளக்கும் மாஸ்டரின் வலது காலும்

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் ஏழு செருப்புகள் கிடக்கின்றன. ஏழும் இடது கால். என் வீட்டுக்காரருக்கு வலது கால் செருப்புதான் முதலில் தேயும். குதிகால் அப்படியே இருக்கும்; முன்பாதம் மட்டும் காகிதம் போல ஆகிவிடும். வலதைத் தூக்கி எறிவார், இடதை மட்டும் "நல்லாத்தானே இருக்கு" என்று உள்ளே வைப்பார். ஒற்றைக் காலுக்கு யார் செருப்பு விற்கிறார்கள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டுப் பார்க்காத நாளில்லை. பதில் வந்த பாடில்லை.

அவருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள் நடத்தும் பள்ளி. எங்கள் முன்னறையைப் பலகை வைத்துத் தடுத்து, அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாலைக்குறிகள் அச்சடித்த ஒரு படம், ரிவர்ஸ் எடுப்பதை விளக்க நான்கு பொம்மைக் கார்கள். வாசலில் நிற்கும் வெள்ளைக் கார்தான் வகுப்பறை. சுற்று வட்டாரம் முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கல்யாணமான புதிதில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கூச்சப்பட்டு நானும் மாஸ்டர் என்றேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

கார் ஓட்டக் கற்றுத்தரும் வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். மாஸ்டர் பக்கத்து பிரேக்கை மிதித்தால் ஒரு கம்பி இழுத்து, ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக்கும் இறங்கும். ஓட்டுகிறவர் மிதித்தால் மாஸ்டர் பக்கம் அசையாது. அதாவது அவர் கால் நம் வேலையைச் செய்யும், நம் கால் அவருக்குத் தெரியாது.

அந்தப் பெடலை மிதித்து மிதித்து அவருடைய வலது கால் தனி ஆளாகிவிட்டது. பேருந்தில் போனால் முன்சீட்டின் அடியை மிதிப்பார். முடி வெட்டும் கடையில் கத்தி காதருகே வந்தால் கால் இறங்கும். டிவியில் யாராவது வண்டியை வேகமாக ஓட்டினால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடி நகர்ந்து சுவரோரம் போய்விடும். ஒருநாள் எங்கள் மகள் டம்ளரில் பாலை ஊற்றும்போது வழியப் போயிற்று. மேசைக்கு அடியில் இவர் காலை ஊன்றினார்.

"அப்பா, பாலுக்கு பிரேக் கிடையாது" என்றாள் மகள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மனிதர் தங்கம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரையும் அதட்டியதில்லை. கோபம் வந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் துடைப்பார். அந்தக் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருக்கும் என்பதிலிருந்து அவர் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிரசவம் பார்க்கும் நர்சம்மா, பல் வைத்தியர், பேச்சுவார்த்தை இல்லாத ஒரு கணவன் மனைவி (ஆளுக்கு ஒரு நேரம், இருவரும் வாசலில் சந்தித்துக்கொள்ளாதபடி இடையில் அரைமணி) என்று எத்தனையோ பேர் அவரிடம் பழகிப் போனார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. எவ்வளவு மோசமாக ஓட்டினாலும், "பிரமாதம், நீங்களே நிறுத்திட்டீங்க பாருங்க" என்று பாராட்டுவார்.

அந்தப் பாராட்டு எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு சின்னச் சிவப்பு விளக்கால்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். திரும்பி வரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்குவது என் வேலையாக இருந்தது. பதினெட்டு வருடம் அடுக்கினேன். எங்கள் நூலகத்துக்கு ஒரு வேன் உண்டு. அதில் புத்தகம் ஏற்றிக்கொண்டு, நூலகத்துக்கு வர முடியாதவர்கள் இருக்கும் தெருக்களுக்குப் போவார்கள். அந்த வேனை ஓட்டியவர் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறார் என்றதும் தலைமை நூலகர் என்னைக் கூப்பிட்டார்.

"எந்தப் புத்தகம் எங்க இருக்குன்னு உங்க அளவுக்கு யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டு வாங்க, வேன் உங்களுதுதான். அவர் போறதுக்குள்ள எடுத்துடணும், அவ்வளவுதான்."

வேன் எனக்கு! நான் நாற்பத்தாறு வயதில் இப்படி ஒன்றுக்கு ஆசைப்படுவேன் என்று எனக்கே தெரியாது. அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு, புத்தகம் தேடி வருகிறவர்களைத்தான் இத்தனை நாள் பார்த்தேன். புத்தகத்தோடு நானே அவர்களைத் தேடிப் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் தூக்கமே இல்லை.

வீட்டிலேயே மாஸ்டர் இருக்கும்போது என்ன குறை? தினமும் காலை ஒரு மணி நேரம் பழகினேன். ஓட்டினேன் என்றால் அப்படி ஓட்டினேன். திருப்பத்தில் வண்டி தானாக வேகம் குறையும். நிறுத்தக் கோட்டில் கோடு போட்டாற்போல நிற்கும். "உனக்கு இது பிறவியிலேயே வந்திருக்கு" என்றார் மாஸ்டர். நானும் நம்பினேன்.

முதல் தடவை தேர்வில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி அரை வண்டி வெளியே போய் நின்றேன். இரண்டாம் தடவை திருப்பத்தில் வேகமாகப் போய், ஓரத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைச் சாய்த்தேன். இரண்டு தடவையும் தேர்வு அதிகாரி பக்கத்து சீட்டில் காலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் எழுதினார்: பிரேக் தாமதம்.

"என்கூட நல்லாத்தானே நிறுத்தின? அங்க போனதும் என்ன ஆச்சு?" என்று மாஸ்டர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

எனக்கும் புரியவில்லை. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. மூன்றாம் தடவையும் தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி தேர்வுக்குப் போக முடியும். ஆறு மாதம் வேன் எனக்காகக் காத்திருக்காது.

இதற்கு நடுவில்தான் அந்த விளக்கு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர்கள் இருக்கும் இடத்தில் பேட்டரிப் பெட்டி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. பேட்டரிக்குக் கரண்ட் ஏறவில்லை என்றால் எரியும். நாலு மாதமாக அது நினைத்தபோது எரிந்தது, நினைத்தபோது அணைந்தது. முதல் மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "பக்காவா இருக்கு மாஸ்டர்" என்றார். மறுநாள் காலை எரிந்தது. இரண்டாமவர் பெல்ட்டை மாற்றினார். ஓட்டிப் பார்த்தார், எரியவில்லை. மறுநாள் எரிந்தது. மூன்றாமவர் கரண்ட் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே கழற்றி, சுத்தம் பண்ணி மாட்டினார். அவரும் ஓட்டிப் பார்த்தார். பக்காதான். மறுநாள் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், முதல் திருப்பத்திலேயே சிவப்பு.

மாஸ்டர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். "தப்பா நினைக்காத. மத்தவங்க ஓட்டும்போது எப்பவாவதுதான் எரியுது. நீ ஓட்டினா மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கிளட்ச்ச விடறதுல ஏதோ கோளாறு பண்றியோ?"

"விளக்குக்கும் கிளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் எனக்கும் தெரியல. ஆனா நீதான் காரணம்னு தோணுது."

எப்படி இருக்கும் எனக்கு? ஏற்கெனவே ஓட்ட வரவில்லை. இப்போது வண்டியையும் கெடுக்கிறேன் என்று பெயர். எரியும் விளக்கோடு வந்தால் தேர்வு மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அப்போதுதான் மீட்டர் வந்தாள்.

மீட்டர் என்பது பட்டப்பெயர். கார்களின் மின்சார வேலை மட்டும் பார்ப்பவள். கழுத்தில் கரண்ட் அளக்கும் மஞ்சள் மீட்டர் எப்போதும் தொங்கும். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் பானெட்டைத் திறப்பார்கள். இவள் திறக்கமாட்டாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வாள். "வண்டிய யார் எப்படி ஓட்டுறாங்களோ அப்படியே ஓட்டுங்க. நான் இல்லன்னு நினைச்சுக்கோங்க" என்பாள். டாக்சிக்காரர்கள் கேலி பண்ணுவார்களாம், இவளிடம் வண்டியை விட்டால் முதலில் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்று. ஆனால் மூன்று பேர் கைவிட்ட வண்டியெல்லாம் கடைசியில் அவளிடம்தான் போகும்.

புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்தாள். பேட்டரியிலிருந்து இரண்டு நீளமான வயரை ஜன்னல் வழியாக இழுத்து மடியில் இருந்த மீட்டரில் மாட்டிக்கொண்டாள். நான் ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில், அவள் பின்னால்.

தெருமுனைத் திருப்பத்தில் விளக்கு எரிந்தது. அணைந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் எரிந்தது. சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தபோது எரிந்தது. மீட்டர் ஒரு சின்ன நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டே வந்தாள்.

"பாத்தியாம்மா? மேடு பள்ளத்துல எங்கயோ வயர் ஆடுது" என்றார் மாஸ்டர்.

"சைக்கிள்காரர் வந்த இடத்துல மேடும் இல்ல பள்ளமும் இல்லையே, மாஸ்டர்" என்றாள் அவள். "விளக்கு எரியறப்பவும் மீட்டர் பதினாலு வோல்ட்டுக்கு மேலதான் காட்டுது. கரண்ட் ஜம்முனு ஏறிட்டுதான் இருக்கு. பேட்டரி மேல தப்பில்ல, ஆல்டர்னேட்டர் மேலயும் தப்பில்ல. கொஞ்சம் இறங்குறீங்களா? நான் முன்னாடி வரேன்."

மாஸ்டர் இறங்கி நடைபாதையில் நின்றார். மீட்டர் அவர் சீட்டில் ஏறி, இரண்டு காலையும் மடக்கி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அதே சுற்று போங்கக்கா."

போனேன். தெருமுனைத் திருப்பம். விளக்கு எரியவில்லை. ஆனால் வண்டி வழக்கம் போல வேகம் குறையவும் இல்லை. எதிர்ப்பக்கத்து வீட்டு மதில் கிட்டத்தில் வந்துவிட, பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வேகத்தடையில் இருவர் தலையும் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. திரும்பி வந்து மாஸ்டர் நின்ற இடத்தில் நிறுத்தப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. அவரைத் தாண்டி, அடுத்த வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தள்ளிச் சாய்த்துவிட்டு நின்றது.

குப்பைத்தொட்டி உருண்டுகொண்டிருந்தது. நான் விளக்கைப் பார்த்தேன். ஒரு தடவைகூட எரியவில்லை.

மீட்டர் குனிந்து, கையால் மாஸ்டர் பக்கத்து பிரேக்கை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. விட்டாள், அணைந்தது. மறுபடி அழுத்தினாள், எரிந்தது.

"இந்தப் பெடலோட கம்பி புதுசா இருக்கே. எப்ப மாத்தினீங்க, மாஸ்டர்?"

"நாலு மாசம் இருக்கும். பழசு தேஞ்சுபோச்சு."

"விளக்கு எப்பலேர்ந்து எரியுது?"

மாஸ்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மீட்டர் டார்ச் அடித்து எனக்குக் காட்டினாள். மாஸ்டரின் காலடிக்கு மேலே, புதுக் கம்பியின் இரும்புக் கை ஒரு மெல்லிய வயரை உரசிக்கொண்டு நின்றது. விளக்குக்குப் போகும் வயர். மேல் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. பெடலை மிதித்தால் இரும்பு செம்பைத் தொடும். தொட்டால் விளக்கு எரியும். மெக்கானிக்குகள் தனியாக ஓட்டிப் பார்த்தார்கள், பக்கத்து பெடலை மிதிக்க ஆளில்லை. ஆகவே பக்கா.

"அப்படின்னா விளக்கு எரிஞ்சப்பல்லாம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நான் மிதிக்கவே இல்ல!" என்றார் மாஸ்டர். ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "சத்தியமா. எப்பவாவது அவசரத்துக்கு மிதிப்பேன். இவகூட போகும்போது காலை வைக்கறதே இல்ல."

மீட்டர் வாதம் பண்ணவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, அவருடைய பிரேக் பெடல் மேல் டேப் போட்டு ஒட்டினாள். "சும்மா உக்காந்து வாங்க, மாஸ்டர்" என்று பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு சுற்று போய் வந்தோம். மாஸ்டர் வழி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணியமாக வந்தார். விளக்கு பதினோரு தடவை எரிந்தது. வண்டி வீட்டு வாசலில் கோடு போட்டாற்போல நின்றது. மூவரும் குனிந்து பார்த்தோம். பெடலில் வெறும் டேப். மிதியடி முழுக்க பிஸ்கட் தூள்.

மாஸ்டர் தன் வலது காலைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தக் கால் யாருடையது என்று கேட்பது போலிருந்தது. பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

ஆனால் அப்போது எனக்குப் பாவமெல்லாம் தோன்றவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் நான் ஒரு வண்டியையும் நிறுத்தவில்லை. நான் காலை வைத்தேன், அவர் நிறுத்தினார். அதற்கு "பிறவியிலேயே வந்திருக்கு" என்று பாராட்டு வேறு. அதை நம்பி இரண்டு தடவை போய் அவமானப்பட்டு வந்தேன். வண்டியைக் கெடுக்கிறேன் என்ற பழியும் எனக்கு! காரிலிருந்து இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டு, நூலகத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

மாஸ்டர் ஸ்டியரிங் பக்கம் ஏறி, முதல் கியரில் என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏறிக்கோ. நடந்து போனா நேரமாகும்."

"நான் நடந்தா நான்தான் நடக்கறேன். அதுலயாவது சந்தேகம் வேண்டாம்."

பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. அதில் ஒன்று பல் வைத்தியருடையது. எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், கிளட்ச் போச்சா?" என்றார். மாஸ்டர் போங்கள் என்று கை காட்டினார்.

"ஏன் எங்கிட்ட மட்டும் அவ்வளவு மிதிச்சீங்க? மத்தவங்களுக்கு எப்பவாவதுதானே எரிஞ்சுது?" என்று நடந்துகொண்டே கேட்டேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "மத்தவங்க ஓட்டினா வண்டிக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் பயம். நீ ஓட்டினா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். அது கால்ல வந்திடுதுபோல. நான் என்ன பண்ணட்டும்?"

நின்றுவிட்டேன். காரும் நின்றது. இப்படிச் சொன்னால் ஒரு மனுஷி எத்தனை நேரம்தான் கோபமாக இருக்க முடியும்?

"நான் வேணா இறங்கிக்கட்டுமா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. மீட்டரை இருவரும் மறந்தே போயிருந்தோம். மடியில் மீட்டரும், கையில் மீதி பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தாள். "அஞ்சு நிமிஷ வேலைதான்க்கா. வயர நகர்த்திக் கட்டி டேப் சுத்திட்டா விளக்கு எரியவே எரியாது."

"வேண்டாம்" என்றேன்.

"என்னது?"

"இப்ப கட்டாத. தேர்வுக்கு முந்தின நாள் வந்து கட்டிக்கொடு. அதுவரைக்கும் அது எரியட்டும். இந்த வண்டில எங்கிட்ட உண்மையைச் சொல்றது அது ஒண்ணுதான்."

மீட்டர் யோசித்தாள். உரசுகிற இடத்தில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை என்று மறுபடி டார்ச் அடித்து உறுதி பண்ணிக்கொண்டாள். "சரிக்கா. ஒரு வண்டிய ரிப்பேர் பண்ணாதன்னு சொல்லி எனக்கு வந்த முதல் வேலை இது" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அடுத்த நாளிலிருந்து பாடம் தலைகீழானது. விளக்கு எரிந்தால் நான் "கால்!" என்பேன். அவர் காலை எடுப்பார். முதல் நாள் நாற்பத்தொரு தடவை சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார், முப்பத்தாறு. மூன்றாம் நாள் சம்மணம் போட்டுப் பார்த்தார். கால் மரத்துப்போய், இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். நாலாம் நாள் மகள் ஒரு யோசனை சொன்னாள். நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த தடிமனான அகராதியை அவர் மடியில் வைத்து, "கீழ விழக்கூடாது" என்று கட்டளை போட்டாள். முழங்கால் அசைந்தால் அகராதி சரியும். அன்று பதினெட்டு. மனிதர் தன் காலோடு போராடினார். நெற்றியில் வியர்வை. ஆனால் ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லவில்லை.

எனக்கும் சுலபமாக இல்லை. அவர் காலை எடுத்த பிறகுதான் பிரேக் என்றால் என்ன என்றே எனக்குத் தெரிந்தது. எவ்வளவு முன்னால் மிதிக்க வேண்டும், எவ்வளவு மெல்ல, எங்கே விட வேண்டும் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் நாள் மறுபடி அதே குப்பைத்தொட்டி. அந்த வீட்டுக்காரர் மூன்றாம் நாளிலிருந்து அதை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். ஆறாம் நாள் நிறுத்தக் கோட்டில் நிறுத்தினேன். விளக்கு எரியவில்லை. நான் நிறுத்தினேன்! காரை விட்டு இறங்கிப் போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். மாஸ்டர் பாராட்டவில்லை. பாராட்ட வாயெடுத்து, துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

பத்தாம் நாள் ஒரே ஒரு தடவை எரிந்தது. ஒரு நாய் திடுமென்று குறுக்கே பாய்ந்தது; நானும் மிதித்தேன், அவரும் மிதித்தார். அது நியாயமான மிதி என்று இருவரும் ஒப்புக்கொண்டு கணக்கில் சேர்க்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மீட்டர் வந்து வயரை நகர்த்தி, டேப் சுற்றி, இரும்புக் கைக்கு எட்டாத பக்கம் இழுத்துக் கட்டினாள். பெடலை எத்தனை மிதித்தாலும் பேட்டரி விளக்கு எரியவில்லை. நாலு மாதம், மூன்று மெக்கானிக், கடைசியில் ஒரு சாண் டேப். அவள் பையை மூடும் நேரத்தில் மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பெடல மிதிச்சா எரியற மாதிரி தனியா ஒரு பல்ப் போட முடியுமா? சின்னதா. ஓட்டுறவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி."

"எதுக்கு மாஸ்டர்?"

"இனிமே பழக வர்றவங்களுக்குத் தெரியணும்ல, எது அவங்க நிறுத்தினது, எது நான் நிறுத்தினதுன்னு. இருபத்திரண்டு வருஷமா எத்தனை பேர ஏமாத்தியிருக்கேனோ."

மீட்டர் பையை மறுபடி திறந்தாள். அரைமணி நேரத்தில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பச்சை பல்ப். மாஸ்டர் மிதித்தால் எரியும், விட்டால் அணையும். அதற்கு மகள் வைத்த பெயர் 'அப்பா விளக்கு'.

மறுநாள் தேர்வு. அதே அதிகாரி. பக்கத்து சீட்டில் அதே மாதிரி காலை மடக்கிக்கொண்டார். மாஸ்டர் வேலிக்கு வெளியே நின்றார். திருப்பத்தில் நானே வேகம் குறைத்தேன். கூம்புகள் நின்ற இடத்தில் நின்றன. நிறுத்தக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், வண்டி குலுங்காமல் நின்றது. அதிகாரி எழுதி முடித்து, "போன ரெண்டு தடவை வந்தது நீங்கதானா?" என்றார்.

"இல்லைங்க. நான் வர்றது இதுதான் முதல் தடவை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தாளில் 'தேர்ச்சி' என்று இருந்தது. எனக்கு அது போதும்.

வேலிக்கு வெளியே போனேன். மாஸ்டர் நின்ற இடத்தில் சரளைக்கல் விலகி, வலது காலுக்குக் கீழே மட்டும் உள்ளங்கை ஆழத்துக்கு ஒரு பள்ளம். நான் பள்ளத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"தள்ளி நின்னுதானே மிதிச்சேன்" என்றார்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில். பெரிய சாலை, லாரிகள், நடுவில் ஒரு ரவுண்டானா. முதல் திருப்பத்தில் பச்சை பல்ப் எரியவில்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ரவுண்டானாவில் ஒரு லாரி ஒட்டி வந்தது. எரியவில்லை. வேகத்தடை வந்தது, சைக்கிள்காரர் வந்தார், எங்கள் தெருமுனைத் திருப்பமும் வந்தது. ஒரு மினுக்குக்கூட இல்லை. மாட்டி ஒருநாள்கூட ஆகவில்லை, அதற்குள் பல்ப் பியூஸ் போய்விட்டதா? மீட்டரைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, வலது கால் பெடலுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது. இருபத்திரண்டு வருடத்தில் யார் ஓட்டிய வண்டியிலும் இந்த மனிதர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. எஞ்சினை அணைத்தால் எழுந்துவிடுவாரோ என்று, ஓடவிட்டபடியே கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.